பர்சில்லாய்க்கு ஒட்டின தாடி

தாடி ஒட்டுறது சுலபம். ஒட்டின தாடியோட ஒரு ஆம்பளையைச் சொறியாம உட்கார வைக்கிறதுதான் எங்க தொழில். மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஆண்டுவிழா, கோயில் நாடகம், கல்யாண மண்டபம்னு அலையுறவங்க யாராவது இதைப் படிச்சா, இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீங்க. உங்களுக்காகத்தான் எழுதுறேன். மத்தவங்க சிரிச்சுட்டுப் போகட்டும். நாம படுற பாடு நமக்குத்தானே தெரியும்!

நான் பிலோமினா. காரைக்கால்ல சின்னதா ஒரு பியூட்டி பார்லர் வச்சிருக்கேன். கல்யாணப் பொண்ணு, நிக்காஹ் பொண்ணு எல்லாரும் எனக்கு வாடிக்கை. மாங்கனித் திருவிழா நேரத்துல தலை நிமிர முடியாது. இதுக்கு நடுவுல எங்க கோயில் நாடகத்துக்கு டிரஸ், மேக்கப் எல்லாம் நான்தான். தேர்த் திருவிழா முடிஞ்ச மறுவாரம் நாடகம். முன்னாடியெல்லாம் வருஷா வருஷம் மோசே, தாவீது, சிம்சோன்தான் வருவாங்க. எனக்கும் வசதி. அதே அங்கி, அதே தாடி, அதே கம்பு.

அப்புறம் ஒரு ஃபாதர் வந்தார். "கோலியாத்துக்கே செத்துச் செத்து அலுத்திருக்கும். பழைய ஏற்பாட்டுல ஒரு பக்கத்துல வந்துட்டு அடுத்த பக்கத்துல காணாமப் போறவங்க எத்தனை பேர் இருக்காங்க! இனிமே அவங்களைப் போடுவோம்"னு சொல்லிட்டார். அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிட்டார். பேரே கேள்விப்படாத ஆளுக்கு என்ன கலர்ல அங்கி, எவ்வளவு நீளத்துல தாடின்னு முழிச்சது நான்தான். அந்த ஃபாதர் மாத்தலாகிப் போய் ரொம்ப நாளாச்சு. பழக்கம் மட்டும் எங்களோட தங்கிடுச்சு.

எங்க கூட்டத்துல மூணு பேரை நீங்க தெரிஞ்சுக்கணும். கதை வசனம் எழுதுறது விக்டோரியா டீச்சர். வாட்டசாட்டமா இருக்கிற வேஷமெல்லாம் அருளுக்கு; மின்சார ஆபீஸ்ல வேலை பார்க்கிறான். மூணாவது, சவரிமுத்து அண்ணன். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர், தலத்தெருவுல வீடு. ராஜான்னா அவர்தான். "கிரீடம் இல்லாத வேஷத்துக்கு வேற ஆளைப் பாருங்க"ன்னு முகத்துக்கு நேராச் சொல்லிடுவார்.

இந்த வருஷம் அவரைக் கூட்டிட்டுப் போறதுக்கு அவர் மக ஜோசி பிரான்ஸ்ல இருந்து வந்துட்டா. ஒரே பொண்ணு. அப்பா தனியாக் கிடக்கிறாரேன்னு அவளுக்குக் கவலை. ராஜா போயிட்டா நாடகம் என்னாகும்னு எங்களுக்குக் கவலை. போவாரா, இருப்பாரான்னு தலத்தெரு முழுக்க இதே பேச்சு. என்ன ஆச்சுன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி எங்க ராஜா ஆண்ட காலத்தைக் கொஞ்சம் சொல்லிக்கிறேன், பொறுத்துக்குங்க.

இடது கைக்காரன்

முதல்ல போட்டது ஏகூது கதை. ஏகூது இடது கைக்காரன். அவன் சனங்களை அடக்கி வச்சிருந்த எக்லோன்னு ஒரு குண்டு ராஜா. அவனுக்குக் கப்பம் கட்டப் போற சாக்குல போயி, வலது தொடையில ஒளிச்சு வச்ச கத்தியை இடது கையால உருவிக் குத்திடுவான். எல்லாரும் கத்தியை இடது பக்கம்தானே செருகுவாங்க? நாடகத்துல காவல்காரங்க அந்தப் பக்கத்தை மட்டும் தடவிப் பார்த்துட்டு உள்ளே விட்டுடுவாங்க. கதையே அந்த இடது கையிலதான் இருக்கு. குண்டு ராஜா சவரி அண்ணன். வயித்துல ரெண்டு தலகாணியை வச்சு என் துப்பட்டாவாலேயே கட்டிவிட்டேன். கண்ணாடியில திரும்பித் திரும்பிப் பார்த்துட்டு, "ரிட்டயர் ஆன புதுசுல இப்படித்தான் இருந்தேன்"னார்.

ஏகூது, அருள். ஒத்திகையில ஸ்கேலை வச்சுக்கிட்டு இடது கையால ஜோராக் குத்தினான். மேடையில ஊர் முழுக்கப் பார்த்துக்கிட்டிருக்கு. "ராஜாவே, உமக்கு ஒரு ரகசியச் செய்தி"ன்னு கிட்டப் போனான். இடது கையால கத்தியை உருவினான். உருவினவன் சவரி அண்ணன் முகத்தைப் பார்த்தான். அப்படியே நின்னான். அப்புறம் கத்தியை வலது கைக்கு மாத்தி, லேசாக் குனிஞ்சு, மரியாதையாக் குத்தினான். டீச்சர் திரைக்குப் பின்னாடி தலையில அடிச்சுக்கிட்டாங்க. கீழே விழுந்த ராஜாவுக்குச் சிரிப்பு அடக்க முடியாம தலகாணி ரெண்டும் குலுங்குது.

உள்ளே வந்ததும், "ஏண்டா பாவி, கதையையே கெடுத்துட்டியேடா"ன்னு பிடிச்சேன். அருளுக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப ஞானத்தகப்பனா நின்னவர் சவரி அண்ணன்தான். அது எனக்கு அந்த நேரத்துல ஞாபகம் இல்லை. அவன் நெத்தி வேர்வையைத் துடைச்சுக்கிட்டு சொன்னான்: "கொல்லச் சொன்னீங்க, கொன்னுட்டேன். பெரியவரை இடது கையால குத்தச் சொன்னா எப்படிக்கா, நல்லாவா இருக்கும்?"

கிழிசல் கேட்ட வருஷம்

எரேமியாங்கிற இறைவாக்கினரைப் பிடிக்காதவங்க அவரைச் சேறு நிறைஞ்ச கிணத்துக்குள்ள இறக்கிவிட்டுடுவாங்க. அரண்மனையில வேலை பார்த்த ஒரு வெளிநாட்டுக்காரன், எபேது மெலேக்னு பேரு, ராஜாகிட்ட போய்ப் பேசி அனுமதி வாங்கிட்டு வந்து அவரைத் தூக்குவான். தூக்குறதுக்கு முன்னாடி பழைய கந்தலையெல்லாம் உள்ளே போட்டு, "கயிறு அறுக்கும் ஐயா, அக்குள்ல இதை வச்சுக்குங்க"ம்பான். மொத்தப் பைபிள்லயும் எனக்குப் பிடிச்ச ஆள் இவன்தான். காப்பாத்தினவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. அக்குள் வலிக்குமேன்னு நினைச்சவன் இவன் ஒருத்தன்தானே!

பூசை முடிஞ்சதும் கோயில்ல அறிவிப்புக் குடுத்தோம்: நாடகத்துக்குப் பழைய கிழிசல் துணி வேணும். வந்ததைக் கேளுங்க. துவைச்சு, கஞ்சி போட்டு, இஸ்திரி பண்ணின வேட்டி. மடிப்புக் கலையாத துண்டு. ஒருத்தங்க உண்மையிலேயே கிழிஞ்ச புடவையைத்தான் எடுத்திருக்காங்க, ஆனா கோயிலுக்கு அனுப்புறோமேன்னு ராத்திரியோட ராத்திரியா அந்தக் கிழிசலைத் தைச்சு அனுப்பியிருக்காங்க. கோயிலுக்குக் குடுக்கிறதைக் கிழிசலாக் குடுக்கிற வழக்கம் எங்க ஊர்ல யாருக்கும் கிடையாது. என்ன சொல்லி என்ன!

கடைசியில பக்கத்து வீட்டு மைமூன் அக்காகிட்ட போனேன். புள்ளைங்க ரெண்டு பேரும் துபாய்ல. "அக்கா, தரை துடைக்கிற துணி இருந்தாக்கூடக் குடுங்க"ன்னேன். எதுக்குன்னு கேட்டாங்க. கதையைச் சொன்னேன். உள்ளே போனவங்க மெத்து மெத்துன்னு ஒரு டவலோட வந்தாங்க, அதுல விலைச் சீட்டுகூட இன்னும் கிழிக்கலை. அன்னைக்கு எரேமியா அந்தத் துபாய் டவல்லதான் மேலே வந்தார். டவலை என் கையில திணிச்சுக்கிட்டே மைமூன் அக்கா கேட்டது இதுதான்: "அல்லாவோட சொல்லைச் சொல்ல வந்தவங்களைத் தூக்குற துணிங்கிறே. அதைக் கந்தலாக் குடுத்துட்டு மறுமையில நான் என்னன்னு பதில் சொல்றது?"

மருத்துவச்சிகள்

சிப்ரா, பூவான்னு ரெண்டு மருத்துவச்சிங்க. பிறக்கிற ஆம்பளைப் பிள்ளைகளைக் கொல்லுங்கன்னு எகிப்து ராஜா உத்தரவு போட, கொல்லாம விட்டுட்டு, "நாங்க போறதுக்குள்ள பிறந்துடுது ராஜா, நாங்க என்ன பண்றது"ன்னு அப்பாவியாச் சொல்லுவாங்க. நிஜ நர்சுங்க ரெண்டு பேரையே பிடிச்சுப் போட்டோம். டூட்டி முடிஞ்சு நேரா வந்தவங்க. நான் ஒருத்தி கன்னத்துல ரூஜ் தடவுறதுக்குள்ள இன்னொருத்தி நாற்காலியிலேயே தூங்கிட்டா. ஒத்திகைக்குச் சரியா வரலை, வசனம் தடுமாறுமோன்னு டீச்சர் தாளும் கையுமாத் திரை ஓரத்துலேயே நிக்கிறாங்க. ஆனா மேடையில பாருங்க, சவரி அண்ணன் செங்கோலைத் தட்டி உறுமுறார், ரெண்டும் கண்ணைச் சிமிட்டாம அந்தப் பொய்யைச் சொல்லுது. எப்படிடீ இப்படின்னு கேட்டேன். "தினமும் பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற புருஷங்ககிட்ட 'இதோ இன்னும் அஞ்சே நிமிஷம்'னு சொல்றோம், ஒரு ராஜாகிட்ட சொல்ல மாட்டோமாக்கா?"

அஞ்சு பொண்ணுங்க

செலோபுகாதுன்னு ஒரு மனுஷன். பாலைவனத்துலேயே செத்துட்டார். ஆம்பளைப் பிள்ளை கிடையாது, அஞ்சும் பொண்ணு. நிலம் பங்கு பிரிக்கிற நேரத்துல அந்த அஞ்சு பொண்ணுங்களும் மோசே முன்னாடி, பெரியவங்க எல்லார் முன்னாடியும் வந்து நின்னு, "எங்க அப்பா பங்கை எங்களுக்குக் குடுங்க"ன்னு கேட்கும். மோசே ஆண்டவர்கிட்ட கேட்பார். "அதுங்க சொல்றது நியாயம்தான், குடு"ன்னு பதில் வரும். எனக்கு அந்த வருஷம் அஞ்சு பொண்ணுங்களோட மல்லுக்கட்டே சரியாப் போச்சு. பாலைவனத்துல நாப்பது வருஷம் நடந்த குடும்பம்டீ, லிப்ஸ்டிக் ஏதுன்னா, ஒண்ணும் கேட்க மாட்டேங்குது. கடைசிப் பொண்ணா வந்தது ஜோசி. அப்ப அவளுக்குக் கல்யாணம் ஆகலை, துறுதுறுன்னு இருப்பா. "ஆண்பிள்ளை இல்லைங்கிறதுக்காக எங்க அப்பா பேர் ஏன் மறையணும்?" இதுதான் அவ வசனம். அந்தக் கதையில கிரீடம் கிடையாது, அதனால சவரி அண்ணன் முதல் வரிசையில உட்கார்ந்திருந்தார். அவ அதைச் சொன்னதும் எழுந்து நின்னு கைதட்டினார் பாருங்க, வசனம் முடியறதுக்கு முன்னாடியே. பக்கத்துல இருந்த லூர்து அக்கா, அவரோட சம்சாரம், "உட்காருங்க, பின்னாடி மறைக்குது"ன்னு வேட்டியைப் பிடிச்சு இழுத்தாங்க.

பொம்பளைங்க எல்லாரும் அன்னைக்கு ஒரு தினுசாத் தலையை நிமிர்த்திக்கிட்டு வீட்டுக்குப் போனாங்க. மறுநாள் காலையில நான் பார்லர் ஷட்டரைத் தூக்குறேன், எங்க கோயிலுக்கு வர்றவர் ஒருத்தர் நிக்கிறார். கூடப் பிறந்தது மூணு தங்கச்சி, அப்பா வச்சுட்டுப் போன நிலம் கோட்டுச்சேரி பக்கம். ராத்திரி தூங்கின முகமாத் தெரியலை. "ஏம்மா பிலோ, தாவீது, கோலியாத்து எல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியலையா? அடுத்த வருஷமாவது குடும்பத்துல குழப்பம் பண்ணாத கதையாப் பார்த்துப் போடுங்க."

ரிஸ்பா

இதைச் சிரிச்சுக்கிட்டு எழுத முடியாது. ரிஸ்பா, சவுல் ராஜா வச்சிருந்த பொம்பளை. சவுல் போனப்புறம் பழிக்குப் பழின்னு அவ பெத்த பிள்ளைங்களையும் சவுலோட பேரன்களையும் மலை மேல தூக்குல போட்டுடுவாங்க. அடக்கம் பண்ணக் கூடாது. அவ கோணித் துணியைப் பாறையில விரிச்சு உட்கார்ந்துடுவா. அறுவடைக் காலத்துல இருந்து மழை பெய்யுற வரைக்கும், பகல்ல பறவையை விரட்டுறா, ராத்திரியில மிருகத்தை விரட்டுறா. ஒரு வார்த்தை பேச மாட்டா. அதைக் கேள்விப்பட்டுத்தான் தாவீது ராஜா அந்த எலும்புகளையெல்லாம் எடுத்து அடக்கம் பண்ணுவார்.

அந்த வேஷம் கட்ட வேண்டிய பொண்ணுக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. லூர்து அக்கா எப்பவும் எங்களுக்கு பிளாஸ்க்ல டீ கொண்டு வந்து குடுத்துட்டு ஓரமா உட்கார்ந்திருப்பாங்க. "வசனம் இல்லைன்னா நான் உட்கார்றேன்"னாங்க. பவுடர் போடப் போனேன், "வேணாம் பிலோ, அவளுக்கு எதுக்கு பவுடர்"னு கையைத் தள்ளிட்டாங்க. மேடையில போய் அந்தக் கோணியில உட்கார்ந்தாங்க. முந்தானையை இழுத்துச் செருகினாங்க. வராத காக்காயைக் கையை வீசி விரட்டினாங்க. கொஞ்ச நேரம் சும்மா இருப்பாங்க, மறுபடியும் விரட்டுவாங்க. அவ்வளவுதான். பின் வரிசையில திருவேட்டக்குடியில இருந்து வந்த பொம்பளைங்க உட்கார்ந்திருந்தாங்க. கடல் ஊருக்குள்ள வந்த அந்த வருஷம் கரையில உட்கார்ந்து காத்துக் கிடந்தவங்க அவங்க. ராஜா வேஷத்துல இருந்த சவரி அண்ணன், மேடைக்குப் போக வேண்டியதை மறந்துட்டு, திரை ஓரமா நின்னு தன் சம்சாரத்தையே பார்த்துக்கிட்டிருக்கார். நான்தான் முதுகுல கையை வச்சுத் தள்ளிவிட்டேன்.

அந்த இடத்துல சோகமா ஒரு பாட்டு வரணும். வரவே இல்லை. மைக் செட் போடுற நசீர் பாய் ஒரு நாளும் அப்படித் தவற விடுறவர் இல்லை. நாடகம் முடிஞ்சு ஒயரைச் சுருட்டிக்கிட்டிருந்தவர்கிட்ட, "என்ன பாய், மறந்துட்டீங்களா?"ன்னு கேட்டேன். நிமிர்ந்து பார்க்காம சொன்னார்: "பாட்டு கையிலதான் இருந்துச்சும்மா. அந்தம்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் போட மனசு வரலை."

பர்சில்லாய்

இப்ப இந்த வருஷக் கதைக்கு வர்றேன். லூர்து அக்கா தவறிப்போய்க் கொஞ்ச காலம் ஆச்சு. அதுக்கப்புறம் சவரி அண்ணன் ஒத்திகைக்கு முதல் ஆளா வருவார், கடைசி ஆளாப் போவார். எல்லாரும் கிளம்பினப்புறமும் நாற்காலியை அடுக்கிக்கிட்டு நிப்பார். திரைக் கயித்துக்கு எண்ணெய் போடுவார். "நாடகத்து மேல மனுஷனுக்கு உசிரு"ன்னு நாங்க பெருமையாப் பேசிக்குவோம்.

ஜோசி வந்து இறங்கினா. விசா ரெடி, டிக்கெட்டும் போட்டாச்சு. "அப்பா, இங்க ஒரு கையெழுத்து போடுங்க", "அப்பா, பி.பி. மாத்திரை ஆறு மாசத்துக்கு வாங்கிடவா?", "வர்றீங்களா இல்லையா, ஒண்ணு சொல்லிடுங்கப்பா, நான் அங்க ரூமை ஏற்பாடு பண்ணணும்." பாவம், அவளுக்கு லீவு குறைச்சல், பறந்துக்கிட்டிருந்தா. அவர் கையெழுத்தைப் போட்டுட்டு, "பார்ப்போம்"பார். யார் கேட்டாலும் அந்த ஒரே வார்த்தைதான். மீன் மார்க்கெட்ல கேட்டாலும் பார்ப்போம், கோயில்ல ஃபாதர் கேட்டாலும் பார்ப்போம்.

எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. அதாவது, புரிஞ்சுபோச்சுன்னு நினைச்சுக்கிட்டோம். "மனுஷனுக்குப் போக இஷ்டமில்லை. பொண்ணு மனசு நோகுமேன்னு வாயைத் திறக்க மாட்டேங்கிறார்"னு டீச்சர் சொன்னாங்க. "அவருக்காக நாமதான் சொல்லணும்"னேன் நான். அருள் உடனே, "ஆமாம்க்கா, அவர் போயிட்டா ராஜாவுக்கு எங்க போறது?"ன்னான். அப்பத்தான் டீச்சர் பர்சில்லாயைக் கண்டுபிடிச்சாங்க.

பர்சில்லாய் கதை இதுதான். தாவீது ராஜாவை அவர் பெத்த மகனே துரத்த, அவர் நாட்டை விட்டு ஓடுறார். அப்ப பாயும் படுக்கையும் கோதுமையும் தேனும் கொண்டு வந்து குடுத்துக் காப்பாத்தினவர் இந்தப் பர்சில்லாய். எண்பது வயசு. சண்டை ஓய்ஞ்சு ராஜா ஊருக்குத் திரும்புறப்ப, "என்னோட அரண்மனைக்கு வந்துடுங்க, நான் வச்சுப் பார்த்துக்கிறேன்"னு கூப்பிடுவார். கிழவர் மாட்டேன்னுடுவார். "எனக்கு ருசி தெரியலை, பாட்டுக் காதுல விழலை, உங்களுக்கு எதுக்குப் பாரமா வரணும்? என் அப்பா அம்மா கல்லறை இருக்கிற ஊர்லேயே கண்ணை மூடுறேன்"னு சொல்லிட்டு ஆத்தங்கரையிலேயே நின்னுடுவார். முதல் வரிசையில ஜோசியை உட்கார வச்சு, அவ அப்பா வாயாலேயே இதைச் சொல்ல வைக்கணும். எங்க திட்டம் இவ்வளவுதான். ஒரே சிக்கல், பர்சில்லாய்க்குக் கிரீடம் கிடையாது. டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டாங்க. சவரி அண்ணன் வசனத்தை ஒரு தடவை படிச்சுப் பார்த்தார். "சரி, செய்றேன்"னுட்டார். கிரீடம் இல்லாத வேஷத்துக்கே ஒத்துக்கிட்டாரே, மனசுல இருக்கிறதைச் சொல்ல வழி கிடைச்சுதுன்னுதானேன்னு நாங்க கண்ணாலேயே பேசிக்கிட்டோம்.

நாடகத்தன்னைக்கு நல்ல வெள்ளைத் தாடியா எடுத்து ஒட்டினேன். எப்பவும் என்னைக் கிண்டல் பண்ணி, பசை காயுறதுக்குள்ள சிரிச்சுத் தாடியைக் கெடுப்பார். அன்னைக்குச் சொறியலை, பேசலை. மேடையில அருள் கிரீடத்தோட வந்து, ஞானத்தகப்பன் கையை ரெண்டு கையாலும் பிடிச்சுக்கிட்டு, "என்னோட வந்துடுங்க. நீங்க இல்லாம நான் எப்படி ஊருக்குள்ள போவேன்?"னு கூப்பிட்டான். டீச்சர் எழுதினது அதுல பாதிதான். மீதி அவனே சேர்த்துக்கிட்டது. சவரி அண்ணனால உடனே பதில் சொல்ல முடியலை. வசனம் மறந்துடுச்சோன்னு டீச்சர் எடுத்துக் குடுத்தாங்க. அப்புறம் சொன்னார். மெதுவா, ஒரு வார்த்தை விடாம, ருசி, பாட்டு, பாரம், கல்லறைன்னு முழுக்கச் சொன்னார். மண்டபமே மூக்கை உறிஞ்சுது. ஜோசி வீடியோ எடுத்துக்கிட்டிருந்த போனை மடியில கவுத்துட்டு முகத்தை மூடிக்கிட்டா.

கிரீன் ரூம்னா பெருசா நினைச்சுக்காதீங்க, பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூம்தான். தேங்காயெண்ணெய் தொட்டு ஒரு பக்கத் தாடியை எடுத்திருப்பேன், ஜோசி உள்ளே வந்தா. கண்ணெல்லாம் சிவந்திருக்கு. "அப்பா, புரிஞ்சுதுப்பா. நான்தான் பிடிவாதம் பிடிச்சுட்டேன். நீங்க இங்கேயே இருங்க. டிக்கெட்டை நாளைக்கே கேன்சல் பண்ணிடுறேன்"னா. டீச்சர் என் கையை அழுத்தினாங்க. ஜெயிச்சுட்டோம்னு அர்த்தம்.

சவரி அண்ணன் பாதித் தாடியோட அவளைப் பார்த்தார். "ஏம்மா கேன்சல் பண்றே?"

"நீங்கதானேப்பா மேடையில அப்படிச் சொன்னீங்க."

"அது டீச்சர் எழுதிக் குடுத்ததும்மா."

எனக்குப் பஞ்சு கையிலேயே நின்னுபோச்சு. டீச்சர் சுவரைப் பார்க்கிறாங்க.

"எனக்கே என் மனசு தெரியலை"ன்னார் அவர். "ஊர்ல எல்லாரும் நான் போகமாட்டேன்னு சொல்றாங்களே, ஒருவேளை அதுதானோ உள்ளே இருக்கு, வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போம்னுதான் இந்த வேஷத்துக்கு ஒத்துக்கிட்டேன். சொல்லச் சொல்லத் தெரிஞ்சுபோச்சு, இது என் பேச்சு இல்லைன்னு. அந்தப் பர்சில்லாய் வரலைன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போனா, கதவைத் திறக்க ஆள் இருந்திருக்கும். நான் போனா நான்தான் பூட்டைத் திறக்கணும், நான்தான் லைட்டைப் போடணும். எனக்கு ஒத்தையா சோறு வடிச்சுத் தின்னு அலுத்துப்போச்சு ஜோசி."

"அப்புறம் ஏம்ப்பா இத்தனை நாளா பார்ப்போம் பார்ப்போம்னீங்க?" அவ அழுதுக்கிட்டே கோவப்பட்டா.

"நீ எங்கம்மா கூப்பிட்டே? கையெழுத்து போடுங்கன்னே. மாத்திரை வாங்கவான்னே. வர்றீங்களா இல்லையான்னே. நீ கடமைக்குக் கூட்டிட்டுப் போறியோ, அங்க போய் உனக்குப் பாரமா இருப்பேனோன்னு பயமா இருந்துச்சு. இந்த அருள் பயல் என் கையைப் பிடிச்சுக் கூப்பிட்டான் பாரு, அப்படி ஒருத்தர் கூப்பிட்டா யாராலம்மா வராம இருக்க முடியும்? பர்சில்லாய்க்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ!"

ஜோசி அப்படியே தரையில உட்கார்ந்து அவர் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. "என்கூட வந்துடுங்கப்பா. என் பிள்ளைங்களைப் பார்த்துக்கிறதுக்காக இல்லை, யாருக்காகவும் இல்லை. எனக்கு நீங்க வேணும்பா." அவர் என் பக்கம் திரும்பினார். கண்ணுத் தண்ணி தாடியில இறங்குது. "பிலோ, மீதியையும் சீக்கிரம் எடும்மா. பொண்ணு கூப்பிடுறா."

ஏர்போர்ட்டுக்கு வேன் கிளம்பின அன்னைக்கு எங்க கூட்டமே தலத்தெருவுல நின்னுச்சு. அருள் பெட்டியை ஏத்திவிட்டுட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். நானும் அழுதேன், எங்களுக்கு ராஜா வேணும்னு ஒரு மனுஷனை அந்தப் பூட்டின வீட்டுக்கே திருப்பி அனுப்பப் பார்த்தோமேன்னு. அவர் மட்டும் ஜன்னல் சீட்ல, மக பக்கத்துல, ஞானஸ்நானத்துக்குப் போற குழந்தை மாதிரி புதுச் சட்டையோட சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

இத்தனை வருஷத்துல ஊர்ல பாதிப் பேர் முகத்துக்குக் கிட்ட உட்கார்ந்து மை தீட்டி, பவுடர் போட்டு, தாடி ஒட்டியும், ஒரு முகத்தைக்கூடச் சரியாப் படிக்கத் தெரியாதவளுக்கு மேக்கப்காரின்னு பேரு.